பன்னிரண்டு பாகை

சல்ஜுவுக்கு நான் இரை போட்டவனில்லை.
அது ஹஸ்லினாவின் வேலை.
ஊசி போட்டவர் டாக்டர் குவெக்.
படம் எடுத்தது உலகம்.
நான் அவளுக்குக் குளிர் போட்டவன்.

மண்டாயில், அவள் குகைக்குப் பின்புறம்,
பொதுமக்கள் நுழையக் கூடாத இரும்புக் கதவுக்குள்
மூன்று கம்ப்ரெஸர்கள்.
ஒன்று ஓடும், ஒன்று ஓயும், ஒன்று எப்போதும் பழுது.
பதினேழு ஆண்டு இரவுப் பணி.
பதிவேட்டில் என் கையெழுத்து:
இரவு 11. பன்னிரண்டு பாகை. கரடி படுத்திருக்கிறது.
இரவு 1. பன்னிரண்டு பாகை. கரடி படுத்திருக்கிறது.
இரவு 3. பன்னிரண்டரை. வடிகட்டி துடைத்தேன்.
கரடி என்னைப் பார்க்கிறது.

'பாகை மட்டும் போதும், கரடி வேண்டாம்'
என்று சிவப்பு மையில் மேற்பார்வையாளர் எழுதினார்.
அதன் பிறகும் எழுதினேன்.

சல்ஜு என்றால் மலாயில் பனி.
பனியே விழாத மண்ணில் அதற்கொரு சொல்,
யார் எதற்குச் செய்துவைத்தார்களோ.
நம்மிடம் மட்டும் என்ன இருக்கிறது?
பனி என்றால் விடியலில் புல்மேல் நின்று
ஏழரை மணிக்குக் காணாமல் போவது.
அப்படிப் பார்த்தால் இவள்
இருநூற்று எழுபது கிலோ பனித்துளி.

வந்தவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
கண் குளிரப் பார்த்தார்கள்.
எத்தனையோ மொழியில் ஒரே வாக்கியம்:
பாவம், சொந்த ஊரை விட்டு எவ்வளவு தூரம்.

எது சொந்த ஊர்?
இங்கேதான் பிறந்தாள், ஒரு வெள்ளிக்கிழமை;
வெளியே இடி, உள்ளே
எலிக்குட்டி அளவில் ஒரு முனகல் என்பாள் ஹஸ்லினா.
மனுஷியாய்ப் பிறந்திருந்தால்
இளஞ்சிவப்பு அடையாள அட்டை.
என்னுடையது நீலம்.
எங்கள் இருவரில் வெளியூர் நான்.

ஒரு டிசம்பர் இரவு மின்னல் அடித்து எல்லாம் நின்றது.
நின்றபோதுதான் தெரிந்தது
இத்தனை நாளும் அங்கே ஒரு சத்தம் இருந்தது.
பதினான்கு. பதினேழு. பத்தொன்பது.
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஃபியூஸ் மாற்றுகிறேன்.
டாக்டர் வழியில் இருக்கிறார்,
மண்டாய் சாலையில் மரம் விழுந்துவிட்டதாம்.
காற்றாவது வரட்டும் என்று
முற்றத்துக் கதவின் நெம்புகோலை இழுத்தேன்.

அவள் தவிக்கவில்லை.
எழுந்தாள். சோம்பல் முறித்தாள்.
வெதுவெதுப்பான மழைக்குள் நடந்துபோய்
மல்லாந்து படுத்தாள்.
நான்கு பாதமும் மேலே.
வாய் திறந்து.

கம்ப்ரெஸர் மறுபடி உறுமியபோது
தலையை மட்டும் திருப்பினாள்.
வரவில்லை.
ஐந்து மணிக்கு, மழை விட்டபின்,
தானாக வந்தாள்.

'மின்தடை, ஐம்பத்திரண்டு நிமிடம். சரிசெய்யப்பட்டது.'
அன்றைக்கு மட்டும்
கரடியைப் பற்றி எழுதவில்லை.

எழுதியிருக்கலாம்.
இரவில் கதவைத் திறந்தே வையுங்கள் என்று
யாராவது சொல்லியிருப்பார்கள்.
சொல்லாமலும் இருந்திருப்பார்கள்.
அது ஒருநாள் விளையாட்டாகவும் இருக்கலாம்,
எனக்குக் கரடி வைத்தியம் தெரியாது.
தெரிந்தது ஒன்றுதான்:
பன்னிரண்டு பாகை இருக்கும்வரை
எனக்கு இங்கே வேலை இருந்தது.

இருபத்தாறு வயதில் பின்னங்கால்கள் மறுத்தன.
ஒரு புதன்கிழமை, வாயில் திறக்குமுன்,
தூங்கியவளை எழுப்பாமலே அனுப்பிவைத்தார்கள்.
பூங்கொத்துகள், பள்ளிப் பிள்ளைகளின் அட்டைகள்,
ஒரு நிமிட மௌனம்.
அந்த நிமிடம் முழுக்க என் இயந்திரங்கள்
ஓடிக்கொண்டிருந்தன.
யாருக்கும் கேட்கவில்லை.

மாலை மின்னஞ்சல் வந்தது: இன்றோடு நிறுத்தவும்.
முதலாவதை அணைத்தேன். இரண்டாவதை.
எப்போதும் பழுதான மூன்றாவது
அன்றைக்கென்று நன்றாக ஓடியது.
அதையும்.

கோப்பி ஓ ஆறிப்போக
உட்கார்ந்து எண்களைப் பார்த்தேன்.
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதினேன்:
இரவு 11. இருபது பாகை.
இரவு 1. இருபத்தைந்து.
இரவு 3. இருபத்தெட்டு. நல்ல மழை.
முற்றத்துக் கதவைத் திறந்துவைத்திருக்கிறேன்.